பட அட்டை பேச்சைத் தடுக்குமா? சிறப்புக் குழந்தைகளின் பெற்றோருக்குப் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் உள்ள குழந்தை. சில சொற்கள் மட்டுமே பேசுவான். பல் துலக்குவது, குளிப்பது, சட்டை போடுவது என்று காலையில் ஒவ்வொன்றும் போராட்டமாக இருக்கிறது. சிறப்பாசிரியர் பட அட்டைகளைப் பயன்படுத்தச் சொல்கிறார். அட்டைக்குப் பழகிவிட்டால் பிள்ளை பேசவே மாட்டான் என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். இதற்கிடையில், பதினொரு வயதான என் மகள் எதையும் கேட்பதில்லை. தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறாள். பொறுப்பான பெண் என்று எல்லோரும் அவளைப் பாராட்டுகிறார்கள். எனக்குத்தான் மனம் உறுத்துகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, பெரியவர்களின் அச்சத்திற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த அச்சத்தினாலேயே எத்தனையோ குழந்தைகள் தங்கள் தேவையைத் தெரிவிக்க வழியின்றி ஆண்டுக்கணக்கில் தவித்திருக்கிறார்கள். பட அட்டை பேச்சைத் தடுப்பதில்லை. அட்டையைக் கொடுத்து வேண்டியதைக் கேட்டுப் பெறும் முறையை 1985-இல் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் உருவாக்கினார்கள். இத்தகைய மாற்றுத் தொடர்பு முறைகளால் குழந்தைகளின் பேச்சு குறைந்துபோவதாக ஆய்வுகள் காட்டவில்லை, பலரிடம் அது சற்றுக் கூடியே இருக்கிறது. தாகத்தை அழுகையால் மட்டுமே தெரிவிக்க முடிந்த பிள்ளை, அட்டையை நீட்டியதும் தண்ணீர் வருவதைக் கண்டுகொண்டால், நாம் சொல்வதைப் பிறர் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை அவனுக்குப் பிறக்கிறது. பேச்சுக்கும் அந்த நம்பிக்கைதான் அடிப்படை. அவன் அட்டையைத் தரும்போது "தண்ணீர்" என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டே கொடுங்கள். "வாயால் சொன்னால்தான் தருவேன்" என்று மட்டும் பிடித்துவைக்காதீர்கள்.

காலைப் போராட்டத்தை நாம் பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அதற்குள் உடலின் துன்பம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையில், ஒலி, தொடுகை, வெளிச்சம் முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே பல் துலக்குவதில் அவனை வதைப்பது பற்பசையின் காரமா, நுரையா, தூரிகையின் முள்ளா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். தலையில் திடீரென விழும் தண்ணீரைத் தாங்க முடியாத குழந்தை, பாத்திரத்தில் தானே மொண்டு தோளிலிருந்து ஊற்றிக்கொள்ள அமைதியாக ஒத்துழைப்பதுண்டு. சட்டையின் கழுத்துப்பட்டையில் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டை வெட்டி எடுத்துவிட்டதாலேயே உடுத்தும் சண்டை ஓய்ந்த வீடுகளும் இருக்கின்றன.

அடுத்து என்ன நடக்கும் என்பது அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காலை வேலைகளின் படங்களை மேலிருந்து கீழாக ஒட்டி, முடிந்ததை அவன் கையாலேயே எடுத்துப் போடச் செய்யுங்கள். கடைசிப் படம் அவனுக்குப் பிடித்த ஒன்றாக இருக்கட்டும். ஆனால் புதிதாக எதையும் காலை அவசரத்தில் கற்றுக்கொடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் நீங்களே உடுத்திவிடுவதில் தவறேதும் இல்லை. விடுமுறை நாளின் நிதானமான பொழுதில், கால்சட்டையை முழங்கால் வரை நீங்கள் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது கைவந்தபின் அதற்கு முந்தைய படியையும் அவனிடம் விடலாம். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்கினால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான்.

இதற்கெல்லாம் மேலாக நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு. வீட்டைப் பயிற்சி மையமாக மாற்றிவிடாதீர்கள். தரப்படும் பயிற்சிகள் அனைத்தையும் செய்து முடிக்க முயலும் தாய்க்குப் பிள்ளையோடு சும்மா இருக்க நேரமே கிடைப்பதில்லை. ஒரு சமயத்தில் ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் குளியல், உணவு, விளையாட்டு என்று இயல்பாக நடப்பவற்றுக்குள்ளேயே பழக்குங்கள். எதைத் தள்ளிவைக்கலாம் என்று பயிற்சியாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மகளைப் பற்றிய உங்கள் உறுத்தல் மிகவும் சரியானது. பெற்றோரின் களைப்பைக் கண்டு தன் தேவைகளைச் சுருக்கிக்கொண்ட குழந்தையின் அமைதியைப் பொறுப்பு என்று பாராட்டினால், அவள் இன்னும் சுருங்கிப்போவாள். தம்பியின் நிலையை ஆட்டிசம் என்ற பெயரைச் சொல்லியே விளக்குங்கள். அது யாருடைய தவற்றாலும் வந்ததில்லை, தொற்றுவதும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். தம்பி புத்தகத்தைக் கிழித்தால் அவளுக்குக் கோபம் வரும், தோழியர் முன்னிலையில் கூச்சம் வரும். "அவன் பாவம், நீ விட்டுக்கொடு" என்று அந்த உணர்வுகளை அடக்காமல், பூட்டி வைக்க ஓர் அலமாரியையாவது அவளுக்கென்று கொடுங்கள். நாள்தோறும் கால்மணி நேரமேனும் உங்களோடு தனியாக இருக்கும் பொழுது அவளுக்கு வேண்டும்; தம்பியின் அழுகையால் அது தடைபடாதபடி அந்த நேரத்தில் அவனை அவன் தந்தை பார்த்துக்கொள்ளட்டும். எங்களுக்குப் பின் தம்பி உன் பொறுப்பு என்ற பேச்சை இந்த வயதில் அவள் காதில் போடவே கூடாது.

கேள்வி: டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணு நிலை உள்ள என் மகளுக்கு ஆறு வயது. பகலில் சோர்ந்தும் எரிச்சலாகவும் இருக்கிறாள். இரவில் குறட்டை விடுகிறாள். சில நேரம் உட்கார்ந்தபடி முன்னால் குனிந்து தூங்குகிறாள். இது அவளுடைய இயல்புதானா?
– ஒரு தந்தை

பதில்: இயல்பு என்று விட்டுவிடாதீர்கள், ஐயா. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடுவது மிகவும் பரவலானது. குறட்டையும், நீங்கள் சொல்லும் உட்கார்ந்த நிலையும் அதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். அறிகுறி இல்லாவிட்டாலும் நான்கு வயதிற்குள் தூக்கப் பரிசோதனை (தூங்கும்போது மூச்சைக் கண்காணிக்கும் சோதனை) செய்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி பரிந்துரைக்கிறது. தைராய்டுச் சுரப்புக் குறைவும் சோர்வைத் தரும் என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும், செவித்திறனையும் சோதித்துவிடுங்கள். அவள் தூங்கும்போது மூச்சு நின்று மீண்டும் தொடங்குவதைக் கண்டால், அதைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.