மீட்டிங்குக்கு ஆள் வரவில்லையா?

கேள்வி: நேரடி விற்பனையில் என் குழுவில் 12 பெண்கள். வாராந்திர மீட்டிங்குக்கு 3 பேர்தான் வருகிறார்கள். என்ன செய்வது? – வாசகி, திண்டுக்கல்

பதில்: எனக்கும் அதே கதைதான். ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்தேன். கறி எடுத்துச் சமைக்கிற நேரத்தில் யார் வருவார்கள்? புதன் மதியம் 2 மணிக்கு மாற்றினேன். பிள்ளைகள் பள்ளி விட்டு வருமுன் முடித்துவிடுவேன். டார்கெட் பேச்சைக் குறைத்தேன். கடனுக்குப் பொருள் வாங்கியவர் வீட்டில் பணம் கேட்பது எப்படி என்று ஒருத்தி நடித்துக் காட்டுவாள்; சிரிப்பு அடங்காது. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீடு தேடிப் போய் விற்கக் கூடாது என்ற அரசின் 2021 விதியையும் அங்கேதான் சொன்னேன். வராதவர்களைக் குரூப்பில் குத்திக்காட்டாதீர்கள். தனியாக போன் செய்யுங்கள். என் குழுவில் ஒருத்திக்கு பஸ் காசுதான் பிரச்சினையாக இருந்தது.