நெல்லை சிவாவின் பேச்சு ஏன் தனியாகத் தெரிந்தது?

நடிகர் நெல்லை சிவா எந்த ஊர், சின்ன வேஷத்திலும் அவர் பேச்சு மட்டும் எப்படி மனதில் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊர் திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடி. 1985-இல் ‘ஆண் பாவம்’ படத்தில் அறிமுகம். பின்னாளில் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரிலும் வந்தார். 2021 மே 11-இல் பணகுடியிலேயே மாரடைப்பால் காலமானார். வடிவேலு ‘கிணத்தக் காணோம்’ என்று புகார் கொடுக்கும் காட்சியில் போலீஸ்காரராக வருபவர் இவர்தான் என்றால் சட்டென்று முகம் தெரிந்துவிடும்.

இனி பேச்சு. நெல்லை வேஷம் என்றாலே வாக்கியத்துக்கு வாக்கியம் ‘லே’ ஒட்டிவிடுகிறார்கள், சறுக்குவது அங்கேதான். ‘லே’ இளையவனுக்கும் கூட்டாளிக்கும். பெரியவரைப் பார்த்துச் சொன்னால் ஊரில் அடிதான் விழும்! வளர்ந்த ஆண்கள் தங்களுக்குள் பேசும்போது ‘வே’. அதோடு வினையும் மாற வேண்டும்: ‘என்னவே, எப்ப வந்தீரு?’ இதையே ‘என்னவே, எப்ப வந்தே?’ என்றால் திருநெல்வேலிக் காது உடனே பிடித்துவிடும். ‘சொல்கிறேன்’ இங்கே ‘சொல்லுதேன்’. இதெல்லாம் சிவாவுக்கு வளர்ந்த ஊரின் பேச்சு, வேஷத்துக்காகப் படித்ததல்ல. வசனம் இரண்டே வரியானாலும் ஆள் தெரிந்தது அதனால்தான்.