டிபிஎம், ட்ரஸ்டட் கம்ப்யூட்டிங் பற்றி மதுரையில் பயிற்சி வகுப்பு நடத்த நினைக்கிறேன். பாடத்தை எப்படி அமைப்பது?

கேட்டவர் கல்லூரி ஆசிரியர் என்றும், லேபில் தனி டிபிஎம் சிப் எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். டிபிஎம் என்பது சாவிகளையும், கணினி எழுந்த விதத்தின் பதிவையும் பாதுகாத்து வைக்கும் சிறு பாதுகாப்புச் சிப். அதை வைத்து ஒரு கணினியை நம்பலாமா என்று பார்ப்பதுதான் ட்ரஸ்டட் கம்ப்யூட்டிங். சிப் இல்லாமலே நடத்தலாம். நான் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்தப் பாடத்தை எடுத்து வருகிறேன். பெரும்பாலும் கல்லூரி லேப்களில், சில சமயம் காளவாசல் பக்கம் வாடகை ஹாலில். எனக்குச் சரிவந்ததைச் சொல்கிறேன்.

யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாடம். இங்கே மூன்று வகை ஆட்கள் வருவார்கள். இறுதியாண்டு மாணவர்கள், சான்றிதழுக்காக வரும் ஆசிரியர்கள், அப்புறம் ஜவுளிக்கடை, மருத்துவமனை, சிவகாசி அச்சகம் போன்ற இடங்களில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்கள். மூன்றாவது வகையினர்தான் உண்மையான கேள்வியோடு வருகிறார்கள். 2021-இல் வந்த விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. "சார், எங்க கடை சிஸ்டம்ல டிபிஎம் இல்லைன்னு வருது, எல்லாத்தையும் மாத்தணுமா?" என்பார்கள். பல கணினிகளில் அது பிராசஸருக்குள்ளேயே இருக்கும், பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையில், அணைந்து கிடக்கும். இன்டெலில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும். விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர்களின் பட்டியல் என்று ஒன்று தனியாக உண்டு, அதையும் பார்க்க வேண்டும். இதை முதல் அரை மணி நேரத்திலேயே தீர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் காது பாடத்துக்குத் திரும்பும்.

வரலாற்றில் தொடங்காதீர்கள். 1999-இல் காம்பாக், எச்பி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட் சேர்ந்து ஒரு கூட்டணி ஆரம்பித்தது, 2003-இல் அது ட்ரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் ஆனது, 2014-இல் டிபிஎம் 2.0 வரையறை வந்தது, அடுத்த ஆண்டு அது ஐஎஸ்ஓ 11889 என்ற சர்வதேசத் தரம் ஆனது. இவ்வளவும் ஒரே ஸ்லைடு. வரையறை ஆவணத்தையும் முதல் நாள் திறந்து காட்டாதீர்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். பார்த்தவுடன் ஆள் பயந்துவிடுவான்.

என் பார்வையில் இந்தப் பாடத்தின் முதுகெலும்பு ஒன்றுதான். எந்த மென்பொருளையும் ஓடவிடாமல் டிபிஎம் தடுக்காது, எது ஓடியது என்று எழுதி வைக்கும். மேலூரிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் கேட்டார், "அப்ப வைரஸ் வந்தா இது நிறுத்தாதா தம்பி?" நிறுத்தாதுண்ணே என்றேன். அவர் முகத்தில் வந்த ஏமாற்றத்தை எல்லா வகுப்பிலும் பார்க்கிறேன். அந்த ஏமாற்றத்திலிருந்துதான் பாடம் ஆரம்பிக்க வேண்டும்.

நம் ஊர்க் காதுகுத்து வீட்டில் மொய் எழுதுபவரை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். வருகிறவர் நல்லவரா, பங்காளிச் சண்டைக்காரரா என்று அவர் பார்ப்பதில்லை. பெயர், ஊர், தொகை எழுதுவார், கூட்டிக்கொண்டே போவார். வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று பார்ப்பவர் வேறு ஆள். கணினியில் வாசல் ஆள் செக்யூர் பூட். மொய் எழுதுபவர் மெஷர்டு பூட். நோட்டு என்பது ஈவன்ட் லாக், அது சாதாரண நினைவகத்தில் இருக்கும், யாராவது ஒரு வரியை அடித்துத் திருத்தலாம். ஆனால் கூட்டுத்தொகை டிபிஎம்முக்குள் பிசிஆர் என்ற பதிவேட்டில் பூட்டிக் கிடக்கிறது. நோட்டைத் திருத்தினால் தொகை இடிக்கும். ஒரே வித்தியாசம், மொய்க் கணக்கில் யார் முதலில் வந்தாலும் கூட்டினால் ஒரே தொகை வரும். பிசிஆரில் வரிசை மாறினாலே மதிப்பு மாறிவிடும். இதைக் கேட்டதும் கெட்டிக்கார மாணவன் ஒருவன் கட்டாயம் கேட்பான்: "அப்ப முதல் ஆளை யார் எழுதுறது சார்?" அருமையான கேள்வி. ஃபர்ம்வேரின் அந்த முதல் துண்டை யாரும் அளப்பதில்லை, அதை நம்பித்தான் ஆக வேண்டும். நம்பிக்கையின் வேர் என்று சொல்வது அதைத்தான் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

உடனே கையை நனைக்க வையுங்கள். லினக்ஸில் எஸ்டபிள்யூடிபிஎம் என்ற மென்பொருள் டிபிஎம் இருக்கிறது. க்யூஎமு மெய்நிகர் இயந்திரத்தோடு (கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) சேர்த்தால் உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு அசல் சிப் போலவே தெரியும். 8 ஜிபி ரேம் உள்ள லேப் கணினி போதும். டிபிஎம்2 டூல்ஸ் தொகுப்பை வைத்து 16-ஆம் பிசிஆரைப் படிக்கச் சொல்லுங்கள். அது சோதனைக்கென்றே விட்ட பதிவேடு, நினைத்தபோது அழிக்கலாம். ஷா-256 வங்கியில், அதாவது அந்த ஹாஷ் முறைக்கான பிசிஆர் தொகுப்பில், 32 பைட்டும் பூஜ்யமாக இருக்கும். அதில் ஒரு ஹாஷை (தரவிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு பைத்தானில் பழைய மதிப்பையும் புதிய ஹாஷையும் ஒட்டி, அதற்கு மறுபடி ஷா-256 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வரும். வகுப்பில் ஒரு "அட!" கேட்கும். மாணவர்கள் எழுத்து வடிவத்தில் ஒட்டிவிட்டு, பைட்டாக ஒட்ட மறந்து, மதிப்பு வரவில்லை என்று கத்துவார்கள். விட்டுவிடுங்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். இந்தப் பயிற்சிக்கு நான் ஒரு முழு காலைப் பொழுதே கொடுக்கிறேன். சிலர் அது வீண் என்பார்கள். இது கையில் ஏறாதவனுக்கு அடுத்து வரும் எதுவும் ஏறாது.

அடுத்தது சீல் செய்வது. ஒரு ரகசியத்தை 7-ஆம் பிசிஆரோடு கட்டிப் பூட்டுங்கள். அதில் செக்யூர் பூட்டின் நிலை பதிவாகிறது. திறக்கும். மெய்நிகர் இயந்திரத்தில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு மறுபடி தொடங்கினால் திறக்காது. திறக்காமல் போவதுதான் இங்கே வெற்றி, அதைப் பயிற்சித் தாளில் முதலிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் தங்கள் கணினி கெட்டுவிட்டதாக நினைத்துக் கையைத் தூக்குவார்கள். பிறகு 0-ஆம் பிசிஆரோடு கட்டினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் வந்த அன்று ரகசியம் போய்விடும். செக்யூர் பூட் இருக்கும் கணினியில், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இயல்பாக 7, 11 இரண்டையும் பயன்படுத்துவது ஏன் என்பது அப்போது தானாகப் புரியும். அச்சகத்தில் வேலை பார்க்கும் தம்பிக்கு, பயாஸில் எதையோ மாற்றியதும் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண் கேட்டது ஏன் என்பதும் புரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. யாரையும் சொந்த லேப்டாப்பின் டிபிஎம்மை அழிக்க விடாதீர்கள். புது லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் என்கிரிப்ஷன் ஓடிக்கொண்டிருக்கும். மீட்பு எண் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்று கேட்டால், "அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தாரு, அவருக்குத்தான் தெரியும்" என்ற பதில் வரும்.

இரண்டாம் நாள் அட்டஸ்டேஷன். கணினி தன் பிசிஆர்களை டிபிஎம் கையெழுத்தோடு இன்னொருவருக்கு அனுப்பி, நான் ஒழுங்காகத்தான் எழுந்தேன் என்று சொல்வது. மூன்று பேர் கொண்ட குழுவாகப் பிரியுங்கள். ஒருவர் அனுப்புபவர், ஒருவர் சரிபார்ப்பவர், மூன்றாமவர் திருடன். முதல் சுற்றில் நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படும் எண்) இல்லாமல் நடத்துங்கள். திருடன் காலையில் பிடித்து வைத்த பழைய பதிலை மதியம் அனுப்புவான், சரிபார்ப்பவர் ஏமாறுவார். இரண்டாம் சுற்றில் சரிபார்ப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு புது எண் கொடுக்கட்டும், அது கையெழுத்துக்குள் வர வேண்டும். திருடன் கைவிரித்துவிடுவான். நம் பிள்ளைகளுக்குத் திருடன் வேடம்தான் வேண்டும், அதற்குச் சண்டையே நடக்கும்.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான். கையெழுத்துப் போட்ட சாவி உண்மையான டிபிஎம்முக்குள் இருக்கிறது என்பதை எப்படி நம்புவது? தயாரிப்பாளர் சான்றிதழ் பெற்ற என்டார்ஸ்மென்ட் சாவி வழக்கமாகக் கையெழுத்துப் போடாது, மறைகுறியைத் திறக்க மட்டும் செய்யும். எல்லா இடத்திலும் ஒரே சாவி கையெழுத்துப் போட்டால் அந்தக் கணினியைத் தொடர்ந்து பின்தொடரலாம் அல்லவா, அதற்காக. அதனால் சரிபார்ப்பவர் ஒரு ரகசியத்தை என்டார்ஸ்மென்ட் சாவிக்குப் பூட்டி, அதைக் கையெழுத்துச் சாவியின் அடையாளத்தோடு முடிச்சுப் போட்டு அனுப்புவார். இரண்டும் ஒரே டிபிஎம்மில் இருந்தால்தான் திறக்கும். இதை ஸ்லைடில் காட்டினால் ஆளாளுக்கு ஃபோனை எடுத்துவிடுவார்கள். பலகையில் மெதுவாக வரைந்து, ஒருவரை எழுப்பி மறுபடி வரையச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தில் மட்டும் வைக்காதீர்கள், கறிதோசை சாப்பிட்டு வந்தவனுக்கு எந்தச் சாவியும் ஏறாது. மென்பொருள் டிபிஎம் கொடுக்கும் சான்றிதழுக்கு வன்பொருள் நம்பிக்கை எதுவும் கிடையாது என்பதையும் இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

குறைகளை மறைக்கும் பாடம் விளம்பரம்தான். 2017-இல் இன்ஃபினியான் சிப்களில் ஆர்எஸ்ஏ சாவிகள் பலவீனமாக உருவானது வெளிவந்தது, ரோக்கா என்று பெயர். 2024-இல் ஒரு யூடியூபர், தனி டிபிஎம் சிப் உள்ள பழைய லேப்டாப்பில், சிப்புக்கும் பிராசஸருக்கும் இடையே போகும் கம்பியில் ராஸ்பெர்ரி பை பைக்கோவை வைத்து 43 விநாடியில் பிட்லாக்கர் சாவியைப் பிடித்துக் காட்டினார். கணினி தொடங்கும்போதே கேட்கும் ரகசிய எண் (PIN) ஒன்றைச் சேர்த்திருந்தால் அது நடந்திருக்காது. சரி, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எஃப்டிபிஎம் பாதுகாப்பானதா என்றால், 2023-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏஎம்டியின் எஃப்டிபிஎம்மை மின்னழுத்தத்தை ஆட்டிவைத்து உடைத்துவிட்டார்கள். கணினி எழுந்த பிறகு உள்ளே நடக்கும் அத்தனையையும் பிசிஆர் பார்த்துக்கொண்டிருப்பதும் இல்லை. வகுப்பு சுறுசுறுப்பாகும் இடமும் இதுதான்.

நடத்துவதில் உள்ள சிக்கல்கள் தொழில்நுட்பம் சார்ந்தவையே இல்லை. லேப் கணினிகளில் மெய்நிகர் இயந்திரத்துக்குத் தேவையான விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும், பயாஸ் கடவுச்சொல் லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்கு மட்டும் தெரியும், அவர் அன்றைக்குப் பார்த்து லீவில் இருப்பார். முந்தைய வாரமே போய் அவரோடு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். மெய்நிகர் இயந்திரக் கோப்பைப் பென்டிரைவ்களில் கொண்டுபோங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கினால் கல்லூரி வைஃபை படுத்துவிடும். விளக்கம் தமிழில் சொல்லுங்கள், கலைச்சொற்களைத் திரையில் எப்படி வருகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு வகுப்புக்கு இருபது பேருக்கு மேல் ஏற்காதீர்கள், உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

நீங்கள் தயாராவதற்கு ஓப்பன் செக்யூரிட்டி ட்ரெய்னிங் 2 தளத்தில் டிபிஎம் அறிமுகப் பாடம் இலவசமாக இருக்கிறது. அதை முழுதாகச் செய்து முடியுங்கள், ஆனால் அப்படியே தூக்கிவந்து நடத்தாதீர்கள். அது தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கானது.

தேர்வாகக் கொள்குறி வினாத்தாள் வேண்டாம். டிஸ்க் திறக்க மறுக்கும் ஒரு மெய்நிகர் இயந்திரத்தையும், நேற்றைய, இன்றைய ஈவன்ட் லாக் இரண்டையும் கொடுங்கள். எந்த வரி மாறியது, அதனால் எந்த பிசிஆர் மாறியது, மாற்றியது அப்டேட்டா ஆளா என்று எழுதித் தரட்டும். சான்றிதழுக்காக மட்டும் வந்த ஆசிரியர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் என்று தனியாக ஒன்று அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.