டெல்டாவின் சிறுபான்மைச் சமூகங்கள்: எதுவரை படிக்கிறார்கள், எதைப் படிக்கிறார்கள்? – கேள்வி பதில்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும். நரிக்குறவர், ஆதியன், சௌராஷ்டிரர், மராட்டியர், முஸ்லிம்கள் பற்றிய கேள்விகள் மட்டும் இங்கே.

கேள்வி (கும்பகோணம், ஆய்வு மாணவர்): வணக்கம் சார். டெல்டாவில் எந்தச் சமூகத்தில் எத்தனை பட்டதாரிகள், எந்தத் துறையில் என்று விவரம் தேடுகிறேன். சென்சஸில் எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்பது ஒரே அட்டவணையில் கிடையாது தம்பி. 2011 சென்சஸில் மதவாரியான கல்வி நிலை சி-9இல் இருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி. இரண்டுக்கும் தனி வரிசை உண்டு. தாய்மொழிக்கு சி-16, அது வெறும் தலைக்கணக்கு. சௌராஷ்டிரம் பேசுவோர் நாடு முழுவதும் சுமார் 2.47 லட்சம் என்று அதில் பார்க்கலாம், அதுவும் குஜராத்தியின் உட்பிரிவாக. அவர்களில் எத்தனை பேர் பி.ஏ., எத்தனை பேர் பி.இ. என்று அதிலிருந்து எடுக்க முடியாது.

படிப்புத் துறை வேண்டுமென்றால் ஏ.ஐ.எஸ்.எச்.இ. எனும் அகில இந்திய உயர்கல்வி ஆய்வுக்குப் போக வேண்டும். அதிலும் பிரிப்பு எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., முஸ்லிம், பிற சிறுபான்மையினர் என்ற அளவோடு நின்றுவிடும்.

இரண்டு இடத்தில் வழுக்கும். முதலாவது, 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47, நாட்டு அளவில் 28.4. இதை "நூற்றுக்கு 47 பேர் பட்டதாரி" என்று எழுதிவிடுகிறார்கள். கல்லூரியில் பெயர் பதிந்தவர்களை 18 முதல் 23 வயதுள்ளோர் தொகையால் வகுத்த கணக்கு அது. படித்து முடித்தவர் கணக்கு இல்லை. இரண்டாவது, 2011இல் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் எழுத்தறிவு 54.3 சதவீதம், மாநில சராசரி 80.1. அந்த 54.3க்குள் நரிக்குறவர் கிடையாது. அப்போது அவர்கள் எம்.பி.சி. பட்டியலில் இருந்தார்கள். அந்த எண்ணை அவர்கள் தலையில் வைத்து எழுதும் கட்டுரையை மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

சமூகவாரியாக வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அரசுக் கல்லூரி ஒவ்வொன்றிலும் மனுப் போடுங்கள். பெயர் கேட்காதீர்கள், தனிநபர் விவரம் என்று தள்ளிவிடுவார்கள். "இன்ன ஆண்டில், இன்ன பாடத்தில், எஸ்.டி. பிரிவில் சேர்ந்தவர், முடித்தவர் எண்ணிக்கை" என்று கேளுங்கள். சேர்ந்தவர் எண்ணிக்கையை மட்டும் வாங்கினால் பாதிதான் தெரியும். இடையில் நின்றவர்களை முடித்தவர் எண்ணிக்கைதான் காட்டும்.

கேள்வி (ஒரத்தநாடு பக்கம், பள்ளி ஆசிரியை): நரிக்குறவர் மாணவன் ஒருவன் ஒன்பதாவது படிக்கிறான். கையில் பழைய எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறது. பிளஸ் டூ முடிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. பரவாயில்லையா சார்?

பதில்: இப்போதே மாற்றுங்கள் அம்மா. நாடாளுமன்றத்தில் 2022 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம், 2023 ஜனவரியில் சட்டமாகி நரிக்குறவர், குருவிக்காரரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது. பழைய சான்றிதழ் செல்லாது என்று யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். அதை வைத்தே விண்ணப்பித்தால் பையன் எம்.பி.சி. வரிசையில் நிற்பான், அவ்வளவுதான். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கான எஸ்.டி. உதவித்தொகையும் கைவிட்டுப் போகும்.

எஸ்.டி. சான்றிதழ் தருவது வட்டாட்சியர் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும். ஸ்மார்ட் கார்டு, ஆதார், புகைப்படம், அப்பா அல்லது அப்பா வழி ரத்த உறவில் ஒருவரின் சான்றிதழ் போதும். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வட்டாட்சியர் வழியாக மேலே போகும். குடும்பம் ஊரில் இருக்கும் நாளில் வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருவதுதான் பெரிய காரியம். வியாபாரத்துக்குப் போன வாரத்தில் வந்தால் "மேற்படி முகவரியில் இல்லை" என்று எழுதிவிடுவார், மனு அங்கேயே படுத்துவிடும். அப்பாவுக்கு முதலில் வாங்கிவிட்டால் பிள்ளைகள் எல்லோருக்கும் அதைக் காட்டியே எளிதாக வாங்கலாம்.

பெயரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். "குறவன்" எஸ்.சி. பட்டியலில் இருக்கிறது, "மலைக்குறவன்" எஸ்.டி.யில். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து "இஞ்சிக் கொறவர்" சீர்மரபினரில். இ-சேவையில் தட்டச்சு செய்பவர் கீழே இறங்கும் பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட "குறவன்"ஐத் தொட்டுவிட்டால் மனு தப்பான பிரிவில், தப்பான அதிகாரியிடம் போகும். பணம் கட்டுமுன் திரையைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

சான்றிதழ் வந்ததும் எமிஸ் எனும் அரசின் மாணவர் இணையப் பதிவில் இனப்பிரிவைத் திருத்தச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் நகலைக் கொடுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாராகும் முன் முடிந்தால் நல்லது. அப்போதே பெயர், பிறந்த தேதி மூன்று இடத்திலும் ஒன்றா என்று பாருங்கள்: ஆதார், எமிஸ், சான்றிதழ்.

கேள்வி (அதே ஆசிரியை): பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். வருகையும் திடீரென்று விழுந்துவிடுகிறது.

பதில்: வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. ஆனாலும் பிறப்பைப் பதிந்து வைப்பது பின்னால் உதவும். ஓராண்டு தாண்டியது என்றால் கோட்டாட்சியர் ஆணை தேவை. சாதிச் சான்றிதழுக்கு அலையும்போதே அந்த மனுவையும் கொடுத்துவிடலாம், அலுவலகம் ஒன்றுதான்.

வருகை திடீரென்று விழுவதில்லை, நாள்காட்டியில் குறித்து வைத்தாற்போல் விழும். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. பின்னாலேயே காலாண்டுத் தேர்வு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை சீசன், அப்போது அரையாண்டு. ஊசிமணி, பாசிமணி விற்கக் குடும்பமே கிளம்பும்போது பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? பெண் பிள்ளைகளுக்கான கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா, ஆதிதிராவிடர் நல விடுதி, திருச்சி தேவராயநேரியில் இருப்பது போன்ற உண்டு உறைவிடப் பள்ளி ஆகியவற்றில் ஒன்றை ஜூனிலேயே பேசிவையுங்கள். ஆகஸ்டில் தேடினால் இடம் இருக்காது. வேறு ஊரில் போய்ச் சேர்ந்தால் எமிஸ் எண்ணைக் கையோடு கொடுத்தனுப்புங்கள். அது இல்லாமல் புதிய பள்ளி புதுப் பதிவு போட்டுவிடும்; பழைய பள்ளியில் இடைநின்றவன் என்று ஒரு பெயர், இங்கே இன்னொரு பெயர்.

இன்னொன்று. எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. வீட்டில் நரிக்குறவர் மொழியான வாக்ரிபோலி பேசும் பிள்ளை தமிழ் எழுத்துக்கூட்டத் தடுமாறியபடியே எட்டைத் தாண்டிவிடும், ஒன்பதில் அகப்படும். ஒன்பதில் நிற்பவர்களின் பிரச்சினை ஒன்பதாம் வகுப்புப் பாடம் அன்று, மூன்றாம் வகுப்பு வாசிப்பு. வாய்க்கணக்கு கைவந்த பிள்ளை எழுத்துக் கணக்கில் திணறும்; அதை மந்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி (கொள்ளிடம்): நாங்கள் பூம்பூம் மாட்டுக்காரர் அண்ணே. பக்கத்து ஊரில் "ஆதியன்" என்று எஸ்.டி. சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு ரத்த உறவில் யாருக்கும் இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

பதில்: "திருப்பிவிட்டார்கள்" என்றால் வாய்ச்சொல்லாகவா, எழுத்திலா? காரணம் காட்டிய நிராகரிப்பு ஆணையை வாங்குங்கள் தம்பி. அது கையில் இல்லாமல் மேல்முறையீடு கிடையாது. பிறகு சான்றிதழ் பெற்ற ஊரில் கொண்டு கொடுத்த சம்பந்தம் இருந்தால் கல்யாணப் பத்திரிகை, பழைய குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து ஒரு வம்சாவளி வரைபடம் போடுங்கள். சந்தேகம் நீடித்தால் உதகையிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் மானுடவியல் விசாரணையைக் கேட்டு மனுக் கொடுக்கலாம். தனித்தனியாகப் போவதைவிட குடியிருப்பு முழுக்க ஒரே நாளில் மனுக் கொடுத்தால் விசாரணை ஊருக்கே வரும். பிள்ளையின் படிப்பைச் சான்றிதழுக்காக நிறுத்தாதீர்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): எஸ்.டி. மாணவி, பத்தில் 312 மார்க். ஊர்ப் பள்ளியில் வணிகவியலும் தொழிற்கல்வி வேளாண்மையும்தான் இருக்கிறது. எது எடுத்தால் என்ன, கோட்டாவில் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

பதில்: இந்தப் பேச்சுதான் ஆபத்து. பிள்ளை எந்தத் துறைக்குப் போகும் என்பது கல்லூரியில் முடிவாவதில்லை, பிளஸ் ஒன் சேரும் அன்றைக்கே பாதி முடிந்துவிடுகிறது. பி.இ. தரவரிசை 200க்குக் கணக்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. வணிகவியல் எடுத்தவருக்கு இந்த 200இல் ஒன்றுமே இல்லை, எந்தக் கோட்டாவும் உதவாது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு உயிரியல் வேண்டும். தொழிற்கல்வி வேளாண்மை வீண் இல்லை, பி.எஸ்சி. வேளாண்மையில் தொழிற்கல்விப் பிரிவினருக்குத் தனி இடங்கள் உண்டு. ஆனால் போட்டி அந்தச் சில இடங்களுக்குள்தான். வணிகவியல் எடுத்தால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு வழி திறந்தே இருக்கிறது. எஸ்.டி.க்கு 40 சதவீதம் போதும், எந்தப் பிரிவில் படித்தவரும் சேரலாம். திருச்சி அரசு சட்டக் கல்லூரி நம் பக்கத்துக்குக் கிட்டே.

அறிவியல் பிரிவுதான் வேண்டுமென்றால் விடுதியுள்ள வேறு அரசுப் பள்ளியில் சேருங்கள். அரசுப் பள்ளி என்று அழுத்திச் சொல்கிறேன். தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி அதற்கு ஆகாது. மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளியும் ஆகும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பிளஸ் ஒன்னில் பள்ளி மாற்றி, 7.5ஐ இழக்கிறார்கள்.

பி.இ. எஸ்.டி. இடம் குறைந்த மதிப்பெண்ணில் கிடைக்கலாம். முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் விழுந்து இரண்டாம் ஆண்டில் வெளியேறினால் அந்த இடத்தால் என்ன பயன்? கணிதம் ஆட்டம் காணும் பிள்ளைக்குப் பாலிடெக்னிக் மூன்றாண்டு, பிறகு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு என்ற பாதையைத்தான் நான் சொல்வேன்.

கலை அறிவியல் கல்லூரி என்றால் இணையவழி விண்ணப்பத்துக்கு எஸ்.சி., எஸ்.டி. 2 ரூபாய் மட்டும், மற்றவர்களுக்கு 50. சேர்ந்த பிறகு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள். பணம் வராமல் போவதற்கு வழக்கமான காரணம்: வங்கியில் ஆதாரைக் கொடுத்திருப்பார்கள், ஆனால் அரசு நேரடியாகப் பணம் போடும் கணக்காக என்.பி.சி.ஐ. எனும் தேசியப் பணப்பரிமாற்ற அமைப்பில் அதை இணைத்திருக்க மாட்டார்கள். வங்கியில் போய் "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங்" என்று கேட்டுச் செய்யுங்கள்.

கேள்வி (முத்துப்பேட்டை): அஸ்ஸலாமு அலைக்கும் சார். மகள் பிளஸ் டூ. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க ஆசை. பி.சி.எம். (பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்) சான்றிதழ் இருக்கிறது, போதுமா?

பதில்: வ அலைக்கும் ஸலாம் அம்மா. போதாது. பி.சி.எம். 3.5 சதவீதம் மாநில அரசின் ஏற்பாடு. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு, அரசுக் கல்லூரி, டி.என்.பி.எஸ்.சி. இங்கெல்லாம் ஓடும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் பி.சி.எம். என்ற பிரிவே இல்லை, 27 சதவீத ஓ.பி.சி.தான். அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதார் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். அந்த நிதியாண்டில், ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். போன வருடத்தது திரும்பி வரும். கிரீமிலேயருக்கான ஆண்டு வருமான வரம்பு 8 லட்சத்தில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. வி.ஏ.ஓ. நெல் வருமானத்தைக் கூட்டி எழுதினால் எடுத்துச் சொல்லுங்கள்.

உட்பிரிவின் பெயரும் முக்கியம். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் மாநிலம், மத்தியம் இரண்டு பட்டியலிலும் உண்டு. வெறும் "முஸ்லிம்" அல்லது "இஸ்லாம்" என்று மட்டும் பள்ளிப் பதிவில் இருந்தால் இப்போதே திருத்துங்கள். நுழைவுக்கு க்யூட் எனும் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு. அதில் பாடத் தேர்வைப் பல்கலைக்கழகத்தின் தகுதிப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் டிக் அடிக்க வேண்டும், தவறான பாடம் எழுதினால் நல்ல மதிப்பெண்ணும் உதவாது. கைவசம் இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள்: அதிராம்பட்டினம் காதிர் மொகிதீன் கல்லூரி பேருந்தில் போய்வரும் தூரம்தான்.

கேள்வி (கும்பகோணம், சௌராஷ்டிரர்): தறி வேலை குடும்பம் சார். பையன் பத்து முடித்தான். நெசவே சம்பந்தப்பட்ட படிப்பு இருக்கிறதா?

பதில்: சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், மூன்றாண்டு டிப்ளமோ, பத்தாம் வகுப்புத் தகுதி. பாவு, ஊடை, சரிகை எல்லாம் தெரிந்த பையனுக்கு செய்முறை சுலபம். வேதியியலும் சாயக் கணக்கும்தான் புதிதாக இருக்கும், அதில் கவனம் வைக்கச் சொல்லுங்கள். கட்டத்தாளில் வரைந்து ஜக்கார்டு அட்டை குத்தும் வேலை பெரும்பாலும் கணினிக்கு மாறிவிட்டது, திருபுவனம் பக்கம் அந்த டிசைனருக்கு வேலை இருக்கிறது. வரைகலையில் ஆர்வமென்றால் கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி. சான்றிதழில் "சௌராஷ்டிரா (பட்டுநூல்காரர்)", பி.சி.

கேள்வி (தஞ்சாவூர்): வீட்டில் மராத்தி பேசுகிறோம். மொழிச் சிறுபான்மை என்று இட ஒதுக்கீடு உண்டா?

பதில்: மொழிக்காகக் கிடையாது. பிராமணரல்லாத மராட்டியர், நாமதேவ் மராட்டா உட்பட, பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள், அந்த வழியில்தான். மொழிச் சிறுபான்மைக் கல்லூரிகள் தங்கள் நிர்வாக இடங்களில் முன்னுரிமை தரலாம், அது வேறு.

கேள்வி (நன்னிலம்): எட்டாவதோடு நின்ற பையன், வயது 17. இனிமேல் என்ன செய்வது?

பதில்: ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்புத் தகுதியுள்ள தொழிற்பிரிவுகள் இருக்கின்றன: வெல்டர் ஓராண்டு, வயர்மேன் இரண்டாண்டு. வயர்மேன் எடுக்கச் சொல்லுங்கள். எட்டாவதுக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, தமிழ், ஆங்கிலம் மட்டும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணை என்று தமிழக அரசு ஏற்கிறது. ஓராண்டுப் பிரிவுக்கு அது கிடைக்காது. மாற்றுச் சான்றிதழை இந்த வாரமே பழைய பள்ளியில் கேட்டு வாங்குங்கள், கலந்தாய்வு நாளன்று அது இல்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம்.