பூட்டிய அலமாரி

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா ராணுவத்தில் 17 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பியபோது 68 கிலோ இருந்தவர், இப்போது 94 கிலோ. சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. நாங்கள் சோற்றைப் பிசைவதற்குள் அவர் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். இரவிலும் எழுந்து எதையாவது தின்பதால், அலமாரியைப் பூட்டிச் சாவியை நானே வைத்திருக்கிறேன். சோற்றை நிறுத்திவிட்டு ராகிக் களி கொடுத்தால் எடை குறையுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு மகள்

அன்புள்ள மகளுக்கு,

களி நல்ல உணவுதான். ஆனால் நம் பக்கத்தில் களியை யாரும் மெல்வதில்லை. குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம். ஏற்கெனவே மெல்லாமல் சாப்பிடுகிறவரை அது எப்படி நிதானப்படுத்தும்? அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தச் சாவி.

என் சித்தப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். காவேரிப்பட்டணத்துக்கு அருகில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டை மடியோடு இழுத்து வைத்து, இடது முழங்கையால் அதைச் சுற்றி அணை கட்டிக்கொண்டு சாப்பிடுவார். கீரைக் கடைசல் ஊற்றிய பெரிய களி உருண்டை, ஏழெட்டு விழுங்கலில் காணாமல் போகும். பிள்ளைகளான நாங்கள் சிரித்திருக்கிறோம். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. லடாக்கில் பனி கொட்டி ஹெலிகாப்டர் வராத நாட்களில், இரண்டு பேருக்கு ஒரு டின் என்று பங்கிட்டு உண்டதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அவர் சொன்னார். முகாமில் இருந்தபோதும், லங்கர் என்ற ராணுவச் சமையற்கூடத்தில் வரிசையில் நின்று வாங்கியதை அடுத்த வேலைக்கு அழைப்பதற்குள் தின்று முடித்தாக வேண்டும். காலை ஓட்டமும் மூட்டை சுமந்த நடையும் அவ்வளவு சாப்பாட்டையும் எரித்துவிட்டன. ஓய்வு பெற்றதும் ஓட்டம் நின்றது. சாப்பாட்டின் அளவும் வேகமும் நிற்கவில்லை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சுமார் 20 நிமிடம் ஆகும்; ஐந்து நிமிடத்தில் முடிப்பவருக்கு அது எப்போது எட்டும்?

பட்டினி கிடந்த உடல் அதை எளிதில் மறப்பதில்லை. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்த அவர்கள் தட்டுகளை நக்கினார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். தாராளமாக உணவு கிடைத்த பிறகும், வயிறு முட்டத் தின்றும் அவர்களில் பலருக்குப் பசி அடங்கவில்லை. ஆறு மாதம் அரைவயிறாக இருந்தவர்களுக்கே அப்படியென்றால், இனி சாப்பாடு எப்போது வருமோ என்ற நினைப்போடு ஆண்டுக்கணக்கில் காவல் நின்றவரைப் பற்றி நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா?

சாப்பாடு கைக்கு எட்டாமல் போகும் என்று பயந்தவரின் கண்ணெதிரே அலமாரியைப் பூட்டியிருக்கிறீர்கள். அந்தப் பயம் சரிதான் என்று அவருக்கு நிரூபித்துக் காட்டியது நீங்கள்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவருக்கு நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துபோனால், உடனே வாயில் போட எதுவும் கிடைக்காமல் செய்வது ஆபத்தும்கூட. கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் மேல் உள்ள அக்கறையால்தான் பூட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் சித்தியும் பூட்டினார். சித்தப்பா மாட்டுக்கொட்டகையில் வெல்லத்தை ஒளித்து வைத்துத் தின்றார்.

அந்தப் பூட்டை எடுத்துவிட்டவர் என் அம்மா. குழம்புச் சட்டியைச் சித்தப்பாவின் கைக்கு எட்டும் இடத்தில் திறந்தே வைத்துவிட்டு, தானும் ஒரு தட்டோடு எதிரே உட்கார்ந்து, கடனாகக் கொடுத்த மாட்டைப் பற்றியும் மா மரத்துப் பூவைப் பற்றியும் பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிடுவார். பதில் சொல்வதற்காகச் சித்தப்பா கையை நிறுத்த வேண்டியிருந்தது. அவருடைய எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வெல்லம் ஒளித்து வைப்பது நின்றது, சில மாதங்களில் இடது முழங்கையும் தட்டை விட்டு இறங்கியது.

உங்கள் அப்பா எங்கெங்கே பணியாற்றினார், அங்கே என்ன சாப்பிட்டார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்று இரவு அவரோடு சாப்பிட உட்காரும்போது கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.