மாலை மூன்று மணிக்குப் பிறகு: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும் மாலை வகுப்புகளுக்கும் கோடை வகுப்புகளுக்கும் அரசு தரும் மானியத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்தினை எடுத்துக்கொண்டு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். மாலை ஆறு மணி வரை நடக்கும் இலவச வகுப்புக்குப் பதிவு செய்யலாம் என்றும், இடம் குறைவாக இருப்பதால் சிலருக்கு முன்னுரிமை உண்டு என்றும் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. இது வறிய குடும்பங்களுக்கு மட்டும் உரியதா? நாங்கள் விண்ணப்பிப்பது முறையா?
– ஒரு தாய், கலிஃபோர்னியா

அந்த வகுப்பை எந்தப் பணம் நடத்துகிறது என்பதைப் பொறுத்தது விடை. உங்கள் மாநிலத்தில் ஒரே வகுப்பறைக்குள் மூன்று வகைப் பணம் புழங்கக்கூடும். முதலாவது, கூட்டரசு தரும் ‘இருபத்தோராம் நூற்றாண்டுச் சமுதாயக் கற்றல் மையங்கள்’ என்ற மானியம். இரண்டாவது, 2002 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற 49ஆம் முன்மொழிவின்படி மாநிலம் ஒதுக்கும் நிதி; ஆண்டுக்கு 55 கோடி டாலர் வரை என்று அதில் வகுத்திருந்தார்கள். அந்த முன்மொழிவுக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர், மறு ஆண்டில் ஆளுநராகிவிட்ட நடிகர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர். மூன்றாவது, 2021இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட கற்றல் வாய்ப்புத் திட்டம். மூன்றிலும் பெரியது இதுதான். பள்ளி நேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 9 மணி நேரமும், விடுமுறைக் காலத்தில் குறைந்தது 30 நாள்களும் ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு இடம் தரவேண்டும் என்று இது பள்ளி மாவட்டங்களை, அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்களை, பணிக்கிறது.

இந்த மூன்றாவது திட்டத்தில் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள், வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவருபவர்கள் என்று வகைப்படுத்தப்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கே முதல் உரிமை. இவர்கள் மிகுதியாக உள்ள மாவட்டங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் தர முன்வரவேண்டும். மற்ற மாவட்டங்கள் இந்தப் பிரிவினருக்குத் தந்தாலே கடமை தீர்ந்தது.

இங்கே நம் குடும்பங்கள் அடிக்கடி செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டுமொழி குறித்து நான்கு கேள்விகள் கேட்பார்கள்: பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது, நீங்கள் பிள்ளையிடம் பேசுவது எது, வீட்டுப் பெரியவர்கள் பேசுவது எது. நான்கிற்கும் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிட்டு, வாசலுக்கு வந்ததும் “செருப்பை மாட்டிக்கோடா, நேரமாச்சு” என்று தமிழில் அதட்டிய ஒரு தந்தையை நானே பார்த்திருக்கிறேன். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு. உண்மையை எழுதினால் பிள்ளைக்கு ஒரு மொழித்தேர்வு வைப்பார்கள். அதில் ஆங்கிலம் போதாது என்று தெரிந்தால் கூடுதல் உதவியும், மேற்சொன்ன முன்னுரிமையும் கிடைக்கும்; பிறகு தேர்ச்சி பெற்றதும் அந்த வகைப்பாட்டிலிருந்து வெளியே வந்துவிடலாம். இடத்துக்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. பொய் எழுதி இடத்தை இழக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

விண்ணப்பிப்பது முறைதான். யாருக்கு முதலில் இடம் என்பதைப் பள்ளி வரிசைப்படுத்திக்கொள்ளும். அந்தக் கவலையை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

கேள்வி: நாங்கள் வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்தும் லாப நோக்கற்ற அமைப்பு. தமிழோடு பறை, சிலம்பம், கோலம் ஆகியவற்றையும் கற்பித்து ஒரு கோடைப் பள்ளி நடத்த ஆசை. கூட்டரசின் மானியம் எங்களுக்குக் கிடைக்குமா?
– ஒரு நிர்வாகி, நியூ ஜெர்சி

சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. பள்ளி மாவட்டங்களைப் போலவே சமுதாய அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். மானியத்தில் செய்யத்தக்கவை என்று சட்டம் அடுக்கும் பட்டியலில் பண்பாட்டு நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. ஆனால் யாருடைய பிள்ளைகளுக்காக என்ற கேள்வியில்தான் உங்கள் விண்ணப்பம் இடறும். வறுமை மிகுந்த பகுதிகளில், தேர்ச்சி குறைந்த பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளையும் அவர்கள் குடும்பங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. மென்பொருள் பொறியாளர்களின் பிள்ளைகள் காரில் வந்து இறங்கும் பள்ளிக்கு இந்தப் பணம் வராது. வருவது நியாயமும் அன்று.

பணம் வரும் பாதையைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு எங்கே இடம் என்பது விளங்கும். வாஷிங்டனிலிருந்து மாநிலங்களுக்கு, வறிய பிள்ளைகளுக்கான வேறொரு நிதியில் அவை பெறும் பங்கின் விகிதத்தில் தொகை பிரிகிறது. மாநிலக் கல்வித்துறை நிர்வாகத்துக்கும் பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்குமாக அதிகபட்சம் 7 சதவீதத்தை வைத்துக்கொண்டு, மீதியைப் போட்டி முறையில் வழங்குகிறது. ஒரு மானியம் 50,000 டாலருக்குக் குறையக்கூடாது. காலம் 3 முதல் 5 ஆண்டுகள். பள்ளி மாவட்டமும் சமுதாய அமைப்பும் சேர்ந்து தரும் விண்ணப்பத்துக்கு முன்னுரிமை உண்டு. ஆகவே உங்கள் ஊருக்கு அருகில் உள்ள வறிய பகுதியின் பள்ளி மாவட்டம் விண்ணப்பிக்கும்போது, அதன் கூட்டாளியாகச் சேர்ந்து, அங்கே படிக்கும் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் பறையும் சிலம்பமும் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஏற்பதே உங்களுக்குத் திறந்திருக்கும் வழி. அதற்கு மனம் இருக்கிறதா என்று உங்கள் செயற்குழுவில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் இடுவதற்கு மாநிலங்கள் வெளியார் குழுக்களை அமைக்கின்றன. அப்படி ஒரு குழுவில் சில நாள்கள் நானும் இருந்திருக்கிறேன். ஒரு விண்ணப்பம் அச்சுக்குப் போகும் புத்தகம்போல அழகாக இருந்தது. ரோபோ பெட்டிகள் எத்தனை, முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் விலை என்ன என்றெல்லாம் சென்ட் கணக்கில் எழுதியிருந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் வீடு திரும்பும் பள்ளி அது. மாலை வகுப்பு முடிந்த பிறகு அவர்கள் எப்படி வீடு போவார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இன்னொன்றில் நடை சுமார்தான், எழுத்துப் பிழைகள் வேறு. ஆனால் பேருந்து எந்தெந்த நிறுத்தங்களில் நிற்கும், கடைசிப் பிள்ளை எத்தனை மணிக்கு இறங்கும், இறங்கும் இடத்தில் பெரியவர் யாரும் இல்லாவிட்டால் ஓட்டுநர் யாரை அழைப்பார் என்பதை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். இரண்டாவதற்கே நான் கூடுதல் மதிப்பெண் இட்டேன்.

கணக்கு வழக்கிலும் கவனம் வேண்டும். பெரும்பாலும் நீங்கள் முதலில் செலவழித்து, ரசீதுகளைக் காட்டிப் பிறகே பணத்தைத் திரும்பப் பெறுவீர்கள். எனவே இரண்டு மூன்று மாதச் சம்பளத்துக்குக் கையிருப்பு இல்லாத அமைப்பு திணறிப் போகும். தன்னார்வலர்கள் உட்பட எல்லோருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. ஏற்கெனவே வேறு நிதியில் நடந்துகொண்டிருப்பதற்கு இந்தப் பணத்தை ஈடாகக் கொள்ளக்கூடாது. இருப்பதோடு கூடுதலாகச் செய்வதற்கே இது.

கேள்வி: 2025 கோடையில் எங்கள் ஊர் மாலை வகுப்பு நின்றுவிடும் என்று அறிவித்தார்கள், மூன்று வாரத்தில் நிற்காது என்றார்கள். என்ன நடந்தது?
– ஒரு வாசகர், டெக்சஸ்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று மாநிலங்களுக்குச் செல்லவேண்டிய கல்வி நிதியில் 600 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை, மறு ஆய்வு செய்யவேண்டும் என்று கூறி, அதற்கு முந்திய நாளில் கூட்டரசு நிறுத்திவைத்தது. அதில் 130 கோடிக்கும் மேல் மாலை, கோடை வகுப்புகளுக்கானது. நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒதுக்கிச் சட்டமாக்கியிருந்த தொகை அது. ஆளும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த 10 செனட்டர்களே அதை விடுவிக்கக் கோரிக் கடிதம் எழுதினார்கள். ஜூலை 18 அன்று மாலை, கோடை வகுப்புகளுக்கான பங்கு விடுவிக்கப்பட்டது. மற்றவை அடுத்த வாரம். பணம் வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் ஜூலை நடுவில் வேலை உறுதி இல்லாமல் நிற்கும் ஆசிரியர், ஆகஸ்டுக்கு வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார். கணக்கில் வராத இந்த இழப்பைப் பற்றி யாரும் அறிக்கை வெளியிடுவதில்லை.

கேள்வி: இத்தனை கோடி செலவழித்து அங்கே பிள்ளைகள் கூடுதலாக என்ன கற்றார்கள்? நம் ‘இல்லம் தேடிக் கல்வி’யோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மதுரை

ஐயா, இதே கேள்வியை அமெரிக்க அரசே கேட்டுக்கொண்டு சங்கடப்பட்டது. 1998இல் 4 கோடி டாலரில் தொடங்கிய கூட்டரசு மானியம், நான்கே ஆண்டுகளில் 100 கோடியாக வளர்ந்தது. கல்வித்துறைக்காக மேத்தமேட்டிக்கா என்ற ஆய்வு நிறுவனம் செய்த மதிப்பீட்டின் முதல் அறிக்கை 2003இல் வெளிவந்தபோது, பிள்ளைகளின் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. அதைக் காட்டி அதிபர் புஷ் ஒதுக்கீட்டை 60 கோடியாகக் குறைக்க முன்மொழிந்தார்; நாடாளுமன்றம் ஏற்கவில்லை. இன்று ஒதுக்கீடு ஏறத்தாழ 133 கோடி.

அந்த அறிக்கையைப் படித்தவர்களில் பலர் கவனிக்காமல் போன ஒன்று வருகைப் பதிவு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சராசரியாக வாரத்துக்கு இரண்டு நாள் போலவும், நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாள் போலவும்தான் வந்திருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் தண்ணீர் ஊற்றிய செடி வாடிவிட்டது என்றால், தண்ணீரால் பயனில்லை என்று எழுதிவிட முடியுமா? பாஸ்டன், டல்லஸ், பிட்ஸ்பர்க், ராச்செஸ்டர், டுவால் ஆகிய ஐந்து மாவட்டங்களில் கோடை வகுப்புகளை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம் இதையே வேறு விதமாகக் காட்டியது: ஐந்து வார வகுப்பில் 20 நாள்களோ அதற்கு மேலோ வந்த பிள்ளைகள் கணிதத்தில் முன்னேறியிருந்தார்கள். அந்த வகுப்புகளில் கட்டணம் இல்லை. பேருந்தும் உணவும் இருந்தன.

‘இல்லம் தேடிக் கல்வி’ வேறு வகையானது. பள்ளிகள் கொரோனாவால் மூடிக்கிடந்த காலத்து இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 200 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தொடங்கப்பட்டது. அங்கே அமைப்புகள் மானியத்துக்கு விண்ணப்பிப்பது, போட்டி, மதிப்பெண் எதுவும் இல்லை. அரசே தன்னார்வலரைத் தேர்ந்து, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்து, பிள்ளைகள் வசிக்கும் தெருவிலேயே மாலை வகுப்பு நடத்தச் செய்தது. அபிஜீத் சிங், கார்த்திக் முரளிதரன், மவுரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டார்கள்.

செலவையும் பயனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம்மூர்த் திட்டமே மேல் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஒன்று பெருந்தொற்றுக்குப் பிந்தைய மீட்பு வேலை. மற்றது பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் வரை பிள்ளைகளைப் பாதுகாப்பதையும் சேர்த்த, ஆண்டு முழுவதுமான ஏற்பாடு. இரண்டிலும் பொதுவாகத் தெரிவது ஒன்றுதான். வகுப்பு பிள்ளையின் வீட்டருகே இருந்தாலோ, வீடு வரை கொண்டுவிட ஆள் இருந்தாலோ பிள்ளை தவறாமல் வருகிறது. அமெரிக்கர்கள் பேருந்துக்குச் செலவழிப்பதை நாம் அடுத்த வீட்டு அக்காவைக் கொண்டு முடித்துக்கொண்டோம். ஆனால் அந்த அக்காவுக்கு மாதம் 1,000 ரூபாய் போதுமா என்ற கேள்வியும் உடனே எழவேண்டும்.

கேள்வி: என் மகளுக்குப் பள்ளியின் இலவச மாலை வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது. செவ்வாய், வியாழன்களில் பரதநாட்டிய வகுப்பு இருப்பதால் நான்கரை மணிக்கே அழைத்துவந்துவிடுகிறேன். ஒருங்கிணைப்பாளர் முகம் சுளிக்கிறார். இலவச வகுப்புக்கு இவ்வளவு கெடுபிடி ஏன்?
– ஒரு வாசகி, கலிஃபோர்னியா

அவர் முகம் சுளிப்பது கையொப்பத் தாளைப் பார்த்து. முதல் விடையில் சொன்ன 49ஆம் முன்மொழிவின் நிதியில் உங்கள் வகுப்பு நடக்கிறதென்றால், அந்தப் பணம் பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது, தொடக்கத்தில் 7.50 டாலராக இருந்தது பிறகு படிப்படியாக உயர்ந்தது. வகுப்பு மாலை ஆறு மணி வரையாவது நடக்கவேண்டும், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லா நாள்களிலும் முழு நேரமும் இருக்கவேண்டும் என்பது விதி. வருகை இலக்குக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அந்தப் பள்ளியின் மானியத்தைக் குறைத்துவிடுவார்கள். 20 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் அமர்த்தியிருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு அது ஓர் உதவியாளரின் வேலை பறிபோவதற்குச் சமம்.

முன்கூட்டியே அழைத்துப்போவதற்கான காரணங்களை ஒவ்வொரு மையமும் எழுத்தில் வைத்திருக்கவேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேறு முறையான வகுப்புக்குச் செல்வதைப் பல மையங்கள் ஏற்கின்றன. ஏற்றால் படிவத்தில் நாளையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்துவிடுங்கள். ஏற்காவிட்டால், நாட்டிய வகுப்பை ஆறரை மணிக்கோ சனிக்கிழமைக்கோ மாற்ற முடியுமா என்று ஆசிரியையிடம் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால், வாரத்தில் மூன்று நாள் மட்டும் பிள்ளைகளை ஏற்கும் நகரப் பூங்காத் துறையின் கட்டண வகுப்பு உங்களுக்கு ஒத்துவரும். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் பிள்ளைக்கு இந்த இடம் போகட்டும்.