அசல் எங்கே இருக்கிறது?

கேள்வி: பி.எம்.டபிள்யூ கார்களைச் சென்னைக்குப் பக்கத்திலேயே பாகம் பாகமாகப் பூட்டுகிறார்களாமே! அசல் ஜெர்மன் காரின் தரம் இதில் இருக்குமா? முழுசாக இறக்குமதி செய்ததுதான் வேண்டும் என்கிறார் என் மாமா. (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: 'அசல்' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். நெடுஞ்சாலை நெடுக நிற்கும் 'அசல் கும்பகோணம் டிகிரி காப்பி' பலகைகளைப் பற்றி இதே பக்கத்தில் எழுதி, சிலருடைய கோபத்தைச் சம்பாதித்தேன். இன்றும் என் கட்சி அதேதான். ருசி பாலில், பொடியில், கலக்குகிற கையில் இருக்கிறது. பலகையில் இல்லை.

அசல் அரபியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு வேர் என்று பொருள். சரி, காருக்கு வேர் எது? மண்ணா?

'மேட் இன் ஜெர்மனி' முத்திரை வந்த கதையைக் கேளுங்கள். அதற்கு வழிசெய்தது ஜெர்மனி அல்ல, பிரிட்டன். ஜெர்மன்காரர்கள் மட்டமான கத்திகளில், கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டின் பெயரைப் பொறித்து விற்கிறார்கள் என்று புகார். வாங்குகிறவர் ஏமாறக் கூடாது, எந்த நாட்டில் செய்தது என்று சரக்கிலேயே தெரிய வேண்டும் என்று 1887-இல் சட்டம் போட்டார்கள். எச்சரிக்கையாக வந்த முத்திரை பிற்பாடு பெருமையாகிவிட்டது. அதே மண்தான், வேலை திருந்தியது.

இன்னொன்று. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையை 1982-இல் ஜெனரல் மோட்டார்ஸ் மூடியது. தொழிலாளர்கள் சரியில்லை, வேலைக்கே வருவதில்லை என்று கெட்ட பெயர். 1984-இல் டொயோட்டாவோடு கூட்டாகத் திறந்தபோது பெரும்பாலும் அதே பழைய ஆட்களைத்தான் எடுத்தார்கள். ஆனால் முறை புதிது. தப்பு கண்ணில் பட்டால் கடைசித் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கொஞ்ச காலத்திலேயே அந்த ஆலையின் கார்கள் தரத்துக்குப் பேர்போனவை ஆயின. எனக்கு வேர் என்று படுவது அந்தக் கயிறுதான்.

பி.எம்.டபிள்யூவையே எடுத்துக்கொள்வோம். 2015-இல், கார்களின் தரத்தை ஆய்வு செய்யும் ஜே.டி. பவர் நிறுவனம், மிகக் குறைந்த குறைகளோடு கார் செய்யும் ஆலை என்று தன் உயரிய விருதைக் கொடுத்தது தென்னாப்பிரிக்காவின் ராஸ்லின் ஆலைக்கு. ஜெர்மனியின் முனிக் ஆலைக்கு அல்ல.

புதிய ஆலையில் புதிய மாடல் இறங்கினால் ஆரம்பத்தில் தடுமாற்றம் வரும் என்பதையும் மறைக்க மாட்டேன். 1997-இல் அமெரிக்காவின் அலபாமாவில் இருந்த புதிய ஆலையிலிருந்து வந்த முதல் மெர்சிடிஸ் எம்-கிளாஸ் கார்களின் மேல் நிறையப் புகார்கள் வந்தன. ஆனால் நீங்கள் கேட்கிற, சென்னைக்குப் பக்கத்துச் சிங்கப்பெருமாள்கோயில் ஆலை 2007-லிருந்து ஓடுகிறது. கழற்றிய பாகங்களாகக் கொண்டுவந்தால் இறக்குமதி வரி குறைவு. இங்கே பூட்டுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். முழுசாக இறக்கினால் மாமா கூடுதலாகக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு வரிக்குப் போகும்.

ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் படித்த நம் பிள்ளைகள் கை வைத்தால் தரம் குறையும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம், பாருங்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. மாமாவை, அந்தக் காரை ஐந்து வருடம் ஓட்டிய நாலு பேரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். எங்கே பூட்டியது என்று அல்ல, எத்தனை தடவை ஒர்க்‌ஷாப்புக்குப் போனது என்று.